"மூச்சு வாங்குதா?" என்ற கேள்வி போதாது: இதயச் செயலிழப்பு நோயாளி ஒருவரின் தாதிமை நிகழ்வு ஆய்வு

நோயாளி 66 வயது ஆண். துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். மனைவியுடன் சிங்கப்பூரில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வசிக்கிறார். 18 ஆண்டுகளாக நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அதன் பிறகு எடுத்த எக்கோவில் (இதய ஒலியலைப் படம்) இடது கீழறையின் வெளியேற்று விகிதம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அது இறைத்து வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு, 32%. (இது பல நோயாளிகளிடம் காணப்படுவதை ஒருவராக்கி எழுதியது. எந்தத் தனிமனிதரின் அடையாளமும் இதில் இல்லை.)

இரவு 11 மணிக்கு 995 ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். ரத்த அழுத்தம் 148/92, நாடி 104, மூச்சு நிமிடத்துக்கு 26, ஆக்சிஜன் இல்லாமல் செறிவு 90%, காய்ச்சல் இல்லை, சர்க்கரை 13.2 மிமோல். எடை 78.4 கிலோ. மூன்று வாரங்களுக்கு முன் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பதிவான எடை 72.1 கிலோ. ஆறு கிலோ தண்ணீர் உடம்பில் ஏறியிருந்தது. ஆனாலும் வரவேற்பில் அவர் சொன்ன முதல் வார்த்தை "வாயு". நெஞ்சுக்குழியில் அடைக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, வயிறு உப்பிசமாக இருக்கிறது என்றார்.

அது பொய்யான புகாரல்ல. வலது பக்க இதயம் தளரும்போது கல்லீரலும் குடலும் நீர் கோத்துக்கொள்கின்றன. பசி போகிறது, இரண்டு கவளத்தில் வயிறு நிறைகிறது. நம் மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வாயு. மாரடைப்பின் அடைப்பையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அதனால் "வாயு" என்று சொல்லும் நீரிழிவு நோயாளிக்கு, வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுப்பதில் விவாதமே வேண்டாம். இவருடைய ஈசிஜியில் பழைய மாரடைப்பின் தடமும் வேகமான சீரான துடிப்பும் மட்டுமே இருந்தன. இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரண்டு முறையும் லேசாக உயர்ந்து ஒரே அளவில் நின்றது, புதிய மாரடைப்பு என்றால் ஏறியிருக்கும். இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி 6,840. எக்ஸ்ரேயில் பெரிதான இதயமும் இரு நுரையீரல் அடியிலும் சிறிது நீரும் தெரிந்தன. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 128 (வழக்கமாக 98), சோடியம் 132, பொட்டாசியம் 5.2, ஹீமோகுளோபின் 11.8, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 62.

எதைச் செய்வதை விட்டுவிட்டார்?

முந்தைய வருகைக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: "மூச்சுத் திணறல் இல்லை." அந்த வரியை நம்பி அவருடைய மருந்தளவுகள் ஒரு வருடத்துக்கும் மேலாகக் குறைந்த நிலையிலேயே இருந்தன. பிசோபுரோலால் 2.5 மி.கி., எனலாபிரில் 5 மி.கி. இருவேளை, ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி., நீர்மாத்திரையான ஃபுரோசெமைடு 40 மி.கி. ஒருவேளை.

வார்டில் தமிழ் பேசும் தாதி கேட்டார். "அங்கிள், மூச்சு வாங்குதா?"

"இல்ல மிஸ்ஸி. சும்மா உட்கார்ந்திருந்தா ஒண்ணுமில்ல."

இங்கே நின்றுவிட்டால் பழைய வரியே மறுபடி எழுதப்படும். அவர் உண்மையைத்தான் சொல்கிறார். மூச்சு வாங்க வைக்கும் காரியம் எதையும் அவர் இப்போது செய்வதில்லை. மூச்சுக்கு ஏற்றபடி வாழ்க்கையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் அடுத்த கேள்வி வேறு மாதிரி வர வேண்டும்: "போன தீபாவளிக்குச் செஞ்சது, இப்ப செய்யாம விட்டது என்னென்ன?" அவர் யோசித்தார். மனைவி (வார்டில் எல்லாருக்கும் "அம்மா") பதில் சொன்னார். தேக்கா சந்தைக்கு மீன் வாங்கக் கணவர்தான் போவார், ஆறு மாதமாக அம்மாதான் போகிறார். தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை ஆண்டுதோறும் பால்குடம் எடுத்தவர், இந்த ஆண்டு "வேண்டுதல் முடிஞ்சிருச்சு" என்று நிறுத்திக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தால் "தலை கனக்குது" என்றதால் அம்மா அங்கே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார்.

அந்த ஸ்டூல் ஒரு மருத்துவக் குறி. குனிந்த 30 விநாடிக்குள் மூச்சு முட்டுவது, இதயத்துக்குள் அழுத்தம் ஏறியிருப்பதன் அடையாளம். மீனும் பால்குடமும் ஸ்டூலும் சேர்ந்து, இதய நோயாளியின் இயலாமையை நான்கு நிலையாகப் பிரிக்கும் நியூயார்க் வகைப்பாட்டில் இவர் பல மாதமாக மூன்றாம் நிலையில் இருந்ததைக் காட்டிவிட்டன. குறிப்புகளோ அவரை முதல் நிலையில் வைத்திருந்தன.

தமிழில் கேட்கும்போது இன்னும் சில இடங்களில் கவனம் வேண்டும். "எத்தனை தலையணை?" என்றால் "ஒண்ணு" என்பார், ஏனென்றால் படுப்பதே சோபாவில் சாய்ந்து. "ராத்திரி எங்க படுக்கிறீங்க?" என்று கேட்பதே சரி. இரவில் மூச்சு முட்டி எழுவதை அவர் "இருமல்" என்றுதான் சொன்னார். எழுந்து உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தால் அடங்கும் இருமல் அது. ஐந்து நாளாக இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தார். "மயக்கம்" என்ற சொல் மிகவும் ஏமாற்றும். கிறுகிறுப்பும் மயக்கம்தான், நினைவிழந்து விழுவதும் மயக்கம்தான். வெளியேற்று விகிதம் 35%-க்குக் கீழே உள்ளவர் நினைவிழந்து விழுந்திருந்தால் ஆபத்தான துடிப்புக் கோளாறைத் தேட வேண்டும். "கண் இருட்டிச்சா, கீழ விழுந்தீங்களா, விழுந்தது ஞாபகம் இருக்கா?" என்று பிரித்துக் கேட்காமல் அந்தச் சொல்லை அப்படியே பதிவேட்டில் மொழிபெயர்க்கக் கூடாது. "படபடப்பு" என்றால் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

உடல் பரிசோதனை

மூச்சு எண்ணிக்கை முழு 60 விநாடி எண்ணப்பட்டது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சுத் தவறும்போது கணக்கில் நான்கு தவறுகிறது. விரல்முனை ஆக்சிமீட்டர் கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பதும் நம் நோயாளிகளிடம் நினைவிருக்க வேண்டிய விஷயம். 92% என்று திரை காட்டி, மனிதர் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசினால், திரையைவிட மனிதரை நம்புங்கள்.

கழுத்துச் சிரை அழுத்தம் பார்க்க அவரை 45 பாகை சாய்த்து, தலையை லேசாக இடப்பக்கம் திருப்பி, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடிக்கப்பட்டது. கருத்த தோலில் நேர் வெளிச்சத்தில் துடிப்புத் தெரியாது, நிழல் அசைவதைத்தான் பார்க்க வேண்டும். மார்பெலும்பு மேட்டிலிருந்து செங்குத்தாக 7 செ.மீ. (3 செ.மீ. வரை இயல்பு). வயிற்றின் வலது மேற்பகுதியை 10 முதல் 15 விநாடி சீராக அழுத்தியபோது அது மேலும் ஏறி அப்படியே நின்றது. அழுத்தும்போது மூச்சை அடக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், அடக்கினால் எவருக்கும் ஏறும்.

முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் 5 விநாடி அழுத்தியதில் முழங்கால் வரை குழி விழுந்தது. ஐந்து நாள் சோபாவில் சாய்ந்தே கிடந்தவர் என்பதால் இடுப்பெலும்பின் பின்பக்கமும் பார்க்கப்பட்டது. அங்கும் நீர். இரு நுரையீரல் அடியிலும் நொறுநொறுப்பு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை இதய முனையில் லேசாக வைத்துக் கேட்டபோது, தளர்ந்த இதயத்தின் அடையாளமான மூன்றாவது ஒலி இருந்தது. அழுத்தி வைத்தால் அந்த ஒலி மறைந்துவிடும்.

கை கால்கள் வெதுவெதுப்பாக இருந்தன. மேல் கீழ் அழுத்தங்களின் வித்தியாசம் 56, அதாவது மேல் அழுத்தத்தில் 38%. இது 25%-க்குக் கீழே போனால் இதயம் போதிய ரத்தம் இறைக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கை கால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, நோயாளி குழம்பிப் பேசினால் அது வேறு நோயாளி, வேறு சிகிச்சை. இவர் "வெதுவெதுப்பும் ஈரமும்" வகை. நீரை எடுத்தால் போதும்.

ஏன் இப்போது?

"என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்ற கேள்விக்குப் பலதுறை மருந்தகப் பட்டியலை அப்படியே ஒப்பித்தார். ஒரு வேளையும் தவறவில்லை என்றார், மாத்திரைப் பெட்டியும் அதையே காட்டியது. பிறகு தாதி வேறு மாதிரி கேட்டார்: "டாக்டர் குடுக்காதது என்ன சாப்பிடுறீங்க? வலிக்கு, தூக்கத்துக்கு, சத்துக்கு, ஊர்லேர்ந்து வந்தது?" மறுநாள் அம்மா கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். உறவினர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த டைக்லோஃபெனாக் 50 மி.கி. மூட்டுவலிக்காக நாளுக்கு இரண்டு, 16 நாளாக.

அவர் மறைக்கவில்லை. அவருக்கு "மருந்து" என்றால் டாக்டர் எழுதியது. இது "கால் மாத்திரை".

டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபெனாமிக் அமிலம், எட்டோரிகாக்ஸிப் எல்லாம் ஒரே குடும்பம். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டினை அவை தடுக்கின்றன. உப்பும் நீரும் தங்குகின்றன, ஃபுரோசெமைடின் வேலை மங்குகிறது. எனலாபிரிலும் நீர்மாத்திரையும் சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் மூன்றும் கூடிச் சிறுநீரகத்தை நொடிக்க வைக்கும். கிரியாட்டினின் 128-க்கு ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொட்டாசியம் 5.2-க்கு இன்னொரு பங்காளி சமையலறையில் இருந்தது. சோடியம் குறைந்த உப்பு நல்லது என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் பொதுமக்களுக்குச் சொல்வதைக் கேட்டு, அம்மா வீட்டு உப்பை மாற்றியிருந்தார். பெரும்பாலானோருக்கு அது நல்ல ஆலோசனை. ஆனால் அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் மருத்துவரைக் கேட்காமல் அது ஆகாது. கணவர் மேல் உள்ள அக்கறையில் செய்தது. அதை அவரிடம் எடுத்துச் சொல்லும் தொனியிலும் அந்த அக்கறைக்கு மரியாதை இருக்க வேண்டும். குற்றம் சாட்டுவதுபோல் கேட்டால் அடுத்த முறை கைப்பை திறக்காது.

முதல் நாள்

நிமிர்த்தி உட்கார வைத்து, மூக்குக் குழாயில் 2 லிட்டர் ஆக்சிஜன். ஆக்சிஜன் கொடுத்தும் செறிவு 90%-க்குக் கீழேயே இருந்து மூச்சு 25-க்கு மேல் போனால் முகக்கவச அழுத்த சுவாசம் தொடங்க இயந்திரம் தயாராக இருந்தது. ஒரு மணி நேரத்தில் மூச்சு 22-க்கு இறங்கியதால் தேவைப்படவில்லை.

ஃபுரோசெமைடு 80 மி.கி. சிரைவழி, வீட்டில் சாப்பிட்டதைப்போல் இரு மடங்கு. வேகம் நிமிடத்துக்கு 4 மி.கி.-க்கு மேல் போகக் கூடாது, ஆகவே குறைந்தது 20 நிமிடம். அவசரத்தில் இரண்டு நிமிடத்தில் தள்ளினால் காது இரைச்சலும் காது கேளாமையும் வரலாம், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் 140 மி.லி. மட்டுமே, அதன் சோடியம் 38. இரண்டாம் மணியில் சிறுநீர்ச் சோடியம் 50 முதல் 70-க்குக் கீழே இருந்தாலோ, முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மி.லி. கூட வராவிட்டாலோ அந்த அளவு போதவில்லை என்று பொருள். விடியும் வரை காத்திருக்காமல் தாதி மருத்துவரை அழைத்தார். 160 மி.கி. 40 நிமிடத்தில் ஏற்றப்பட்டது. அடுத்த எட்டு மணி நேரத்தில் 1,900 மி.லி. வந்தது. டைக்லோஃபெனாக் உடம்பில் இருக்கும்போது முதல் அளவு தோற்றது வியப்பல்ல.

சிறுநீர்க் குழாய் போடவில்லை. அவர் எழுந்து நிற்கக்கூடியவர், குழாய் தொற்றைத்தான் கொண்டுவரும். கட்டிலருகே சிறுநீர்க் குவளையும் அழைப்பு மணியும் வைக்கப்பட்டன, இரண்டாம் வேளை மருந்து மாலை 4 மணிக்குள் கொடுக்கப்பட்டது. இரவில் கழிப்பறைக்கு ஓடி விழுவதை இந்த நேரக் கணக்குதான் தடுக்கிறது. நீர் கோத்த நீரிழிவுக் கால்கள் என்பதால் குதிகால்கள் தலையணையில் தொங்கவிடப்பட்டு, ஒவ்வொரு ஷிஃப்டிலும் விரலிடுக்குகள் வரை பார்க்கப்பட்டன.

எடை பொய் சொன்ன நாள்

இரண்டாம் நாள் நிற்கும் தராசில் 76.0 கிலோ. மூன்றாம் நாள் காலை பதிவு 76.1. முந்தைய 24 மணி நேரத்தில் உள்ளே போனது 1,300 மி.லி., வெளியே வந்தது 3,100. எடை குறையவே இல்லை என்றால் மருந்தை மீண்டும் இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று மறுக்கும்போது மருந்தைத் தொடும் முன் அளவைச் சோதிக்க வேண்டும். விசாரித்ததில், அன்று காலை அவர் தூங்கிக்கொண்டிருந்ததால் கட்டில் தராசில் எடை எடுத்திருந்தார்கள். போர்வையும் இரண்டு தலையணையும் மானிட்டர் பெட்டியும் கட்டிலிலேயே இருந்தன. நிற்கும் தராசில் மறுபடி எடுத்தபோது 74.3. வித்தியாசம் 1.8 கிலோ. அந்தப் பொய் எடையை நம்பி மருந்தை ஏற்றியிருந்தால் மறுநாள் சிறுநீரகம் வற்றியிருக்கும்.

ஒரே தராசு, காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன், ஒரே மாதிரி உடை. எல்லாருக்கும் தெரிந்த விதி, வேலை மிகுந்த காலையில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

உள்ளே போவதன் கணக்கிலும் ஓட்டை உண்டு. மகள் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த ரசமும் காலை கோப்பியும் யாராலும் எழுதப்படவில்லை. ரசம், மோர், கஞ்சி, பாயசம் எல்லாம் நீர்தான். "தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?" என்றால் தண்ணீரை மட்டும் சொல்வார்கள்.

பொட்டாசியம் திரும்பியது

மூன்றாம் நாள் மாலை மானிட்டரில் தனித்தனியாகக் கூடுதல் துடிப்புகள். பொட்டாசியம் 3.4, மெக்னீசியம் 0.66. இரண்டு நாள் முன்பு 5.2 இருந்தவர்! வலி மாத்திரை நின்று, நீர் வேகமாக வெளியேறும்போது பொட்டாசியம் சரிவதும் அதே வேகத்தில் நடக்கும். "இவருக்குப் பொட்டாசியம் அதிகம்" என்ற முதல் நாள் எண்ணம் யார் மனதிலும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வாய்வழிப் பொட்டாசியம் தண்ணீரில் கலந்து சாப்பாட்டோடு கொடுக்கப்பட்டது, மெக்னீசியமும் சரிசெய்யப்பட்டது. மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியம் நிற்காது. சிரைவழி தேவைப்படும் நோயாளிக்குக் கை நரம்பில் மணிக்கு 10 மிமோல் வழக்கமான வேகம், அதுவும் பம்ப் மூலம். பொட்டாசியத்தை ஊசியில் நேரடியாகத் தள்ளுவது இதயத்தை நிறுத்தும்.

ஃபெரிட்டின் 62 என்பது இதயச் செயலிழப்பில் இரும்புக் குறைவு (100-க்குக் கீழ்). சிரைவழி இரும்பு கொடுத்து 30 நிமிடம் கண்காணித்தார்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும் என்பதால் ஊசி போட்ட இடம் முதலில் உப்புநீர் விட்டுச் சோதிக்கப்பட்டது.

36 மணி நேரம்

எனலாபிரிலுக்குப் பதில் சாக்குபிட்ரில்-வால்சார்டன் என்ற கூட்டு இதய மருந்து தர முடிவானது. இரண்டும் உடம்பில் சந்தித்தால் முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சை அடைக்கலாம். எனலாபிரிலின் கடைசி மாத்திரை இரண்டாம் நாள் இரவு 9 மணி, புதியதன் முதல் மாத்திரை நான்காம் நாள் காலை 9 மணி, இடையில் முழுதாக 36 மணி நேரம். மருத்துவமனையில் இதைக் கணினி தடுக்கும். வீட்டில் யார் தடுப்பது? அலமாரியில் இன்னும் இரண்டு மாத எனலாபிரில் அட்டைகள் இருந்தன. "மிச்சத்தை முடிச்சிட்டுப் புதுசைத் தொடங்கலாம்" என்று நினைக்கும் சிக்கன மனம் நம் எல்லா வீட்டிலும் உண்டு. மகளிடம் சொல்லி அட்டைகள் வார்டுக்கு வரவழைக்கப்பட்டு, அவர் கண்முன் மருந்தாளரிடம் ஒப்படைக்கப்பட்டன.

சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தரும் எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. மூன்றாம் நாளே தொடங்கியிருந்தது. வாந்தி பேதி வந்தாலோ, சாப்பிட முடியாமல் போனாலோ அதை நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும், பட்டினி விரதம் இருப்பதென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்டது. சர்க்கரை ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடலாம். "சுகர் நார்மல்தானே" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள்.

ஐந்தாம் நாள் காலை படுத்திருக்கையில் 112/68, நின்று மூன்றாம் நிமிடம் 88/56, கிறுகிறுப்பு. புதிய மாத்திரையை நிறுத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. தாதி எடையையும் சேர்த்துச் சொன்னார்: 71.5 கிலோ, கழுத்துச் சிரை இறங்கிவிட்டது, கால் குழி இல்லை. உடம்பில் எடுக்க நீர் மிச்சமில்லை. மருத்துவர் குறைத்தது சிரைவழி ஃபுரோசெமைடை. வாய்வழி 40 மி.கி.-க்கு மாறியதும் மறுநாள் நின்ற அழுத்தம் 104/64. அழுத்தம் மட்டும் தெரிவிக்கப்பட்டிருந்தால் ஆயுளைக் கூட்டும் மருந்து நின்றிருக்கும்.

வீட்டுக்கு

"இதயச் செயலிழப்பு" என்ற சொல்லைக் கேட்டு அம்மா அழுதார். செயலிழந்துவிட்டது என்றால் முடிந்துவிட்டது என்றுதானே காதில் விழும். "நிக்கலம்மா. இறைக்கிற பலம் குறைஞ்சிருக்கு, அதுக்குத்தான் இத்தனை மருந்து" என்று சொல்லி, ஒவ்வொரு மாத்திரையும் எதற்கென்று அவரையே திரும்பச் சொல்ல வைத்தார்கள். சமைப்பவர் அவர், மாத்திரைப் பெட்டி நிரப்புபவர் மகள். நோயாளியிடம் மட்டும் பாடம் நடத்தியிருந்தால் வீணாகியிருக்கும்.

உப்பு நாளுக்கு 5 கிராம், தட்டையாக ஒரு தேக்கரண்டி, முழு நாளுக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், உடனடி மீ, சோயா சாஸ் ஆகியவை எதுவும் சேர்க்கும் முன்பே அதைத் தின்றுவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை தாராளமாகச் சேர்க்கலாம். உணவங்காடியில் புரோட்டாவுக்குக் குழம்பைத் தனியாகக் கேட்டு, தொட்டுச் சாப்பிடலாம். "உப்பே கூடாது" என்று சொன்னால் மூன்று நாள் கேட்பார்கள், நான்காம் நாள் ஊறுகாய் பாட்டில் திறக்கும்.

ஏழாம் நாள் 71.2 கிலோவில் வீடு திரும்பினார். தராசு பாயில் வேண்டாம், கட்டாந்தரையில். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அழைக்க வேண்டும். மூச்சு முட்டி உட்கார முடியாவிட்டால், நெஞ்சு அடைத்தால், நினைவு தப்பினால் 995. தொலைபேசி எண் காலண்டரில், எடை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டப்பட்டது.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் தாதி தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி முழங்கால் பற்றியது. அந்த வலிக்கு வழி செய்யாமல் டைக்லோஃபெனாக்கை மட்டும் பிடுங்கினால் அது வேறு பெயரில் திரும்பி வரும். பாராசிட்டமால், தொடைத்தசைப் பயிற்சி, கைத்தடி ஆகியவற்றோடு இயன்முறை மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். வெளியிலிருந்து வரும் "மூலிகை" மூட்டுவலி மாத்திரைகளும் கூடாது என்று அழுத்திச் சொல்லப்பட்டது. அவற்றில் ஸ்டீராய்டும் வலிநிவாரணியும் மறைத்துக் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

பத்தாம் நாள் கிளினிக்கில் எடை 71.6, அழுத்தம் 110/68, பொட்டாசியம் 4.7, கிரியாட்டினின் 106. பிசோபுரோலால் 3.75 மி.கி.-க்கு உயர்ந்தது. மூன்று மாதம் முழு மருந்துக்குப் பின் மறு எக்கோ. அப்போதும் வெளியேற்று விகிதம் 35% அல்லது அதற்குக் கீழே இருந்தால், ஆபத்தான துடிப்பை உடைக்கும் கருவி பொருத்துவது பற்றிப் பேச வேண்டும். குறிப்பேட்டில் "மூச்சுத் திணறல் இல்லை" என்ற வரி இந்த முறை இல்லை. அதன் இடத்தில் இப்படி எழுதப்பட்டது: "லிஃப்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நிற்காமல் நடக்கிறார். தேக்காவுக்கு இன்னும் போகவில்லை. வாசல் ஸ்டூல் இருக்கிறது, செருப்பு மாட்ட உட்காருகிறார்."